கோலம் பார்த்துக் கோல் வாங்காதீர்!

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



க்யூ என்றதும் பஸ் பாஸ் கவுண்டரில் நாம் கால் கடுக்க நிற்கிற க்யூவை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது பூல் விளையாட்டில் பந்தை இடிக்கிற க்யூ. தமிழில் 'கோல்' என்றே சொல்லிவிடலாம், நன்றாகத்தான் இருக்கிறது.

நம் சங்கத்தின் மனமகிழ் அறையில் பூல் மேஜை இருக்கிறது. கோல்கள்தான் பல்லிளிக்கின்றன. புதுக் கோல் வாங்கலாம் என்ற பேச்சு வந்ததுமே, எந்த மாதிரிக் கைப்பிடி உள்ள கோல் வாங்குவது என்பதில் நமக்குள் மூன்று கட்சிகள் முளைத்துவிட்டன. "லெதர் சுத்தினதுதான்டா ஸ்டைல்" என்கிறது முதல் கட்சி. "ரப்பர் கிரிப் போட்டா வழுக்கவே வழுக்காது" என்கிறது இரண்டாம் கட்சி. "சாம்பியனுங்க எல்லாம் வெறுங்கட்டையிலதான் ஆடுறாங்க, நமக்கு மட்டும் என்ன வந்தது?" என்று கேட்கிறது மூன்றாம் கட்சி. ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் ஆறிப்போகும் வரை இந்தச் சண்டை நடக்கிறது.

'ஒரு குச்சியின் கைப்பிடிக்கு மூன்று பக்கம் கட்டுரையா?' என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. இதில் செலவாகப் போவது நம் சந்தாப் பணம் நண்பர்களே! அதுவும் போக, நம்மில் நாலைந்து பேர் மெஸ் பில்லில் மிச்சம் பிடித்துச் சொந்தக் கோல் வாங்கவும் துடித்துக்கொண்டு இருக்கிறார்கள். தவறான கோலை வாங்கிவிட்டால் பணம் போவது மட்டுமில்லை. கையும் தவறாகவே பழகிவிடும். பழகின கையைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல கைப்பிடியின் வேலை, கோலை லேசாகப் பிடிக்க நம்மை அனுமதிப்பது. கெட்டியாகப் பிடிக்க வைப்பது அதன் வேலையே இல்லை. மூன்று கட்சியினரும் வழுக்குவதையும் அழகையும் சாம்பியனையும் பார்த்தார்களே தவிர, தங்கள் உள்ளங்கையைப் பார்க்கவில்லை.

ஒரு கோல், இரண்டு கைகள்

பூல் கோல் சுமார் 58 அங்குல நீளம் இருக்கும். எடை பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 510 முதல் 595 கிராம். வழக்கமாக நடுவில் மரையிட்டு இணைத்த இரண்டு துண்டுகள். முன்துண்டு மேப்பிள் மரம், நுனியில் சுமார் 13 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு தோல் முனை. பின்துண்டுதான் கைப்பிடி உள்ள பாகம். அதில் ஏறக்குறைய ஓர் அடி நீளத்துக்கு நூலோ தோலோ சுற்றியிருப்பார்கள். சுற்று மேலே புடைத்துத் தெரியாமல் மரத்தோடு மட்டமாக உட்கார வேண்டும் என்பதற்காக, லேத்தில் வைத்து அந்த இடத்தில் மட்டும் ஆழம் குறைந்த பள்ளம் கடைந்திருப்பார்கள். நூலைவிடத் தோல் தடிமன், ஆகவே தோலுக்குப் பள்ளம் சற்று ஆழமாக வேண்டும். நூல் சுற்றிய கோலை வாங்கிவிட்டு, "அப்புறமா லெதர் மாத்திக்கலாம்" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். மறுபடி லேத்தில் ஏற்றிக் கடைய வேண்டியிருக்கும்!

இந்த ஒரே கோலில் இரண்டு கைகளுக்கு இரண்டு எதிரெதிரான வேலைகள். மேஜைமேல் ஊன்றிய முன்கையில் கோல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதற்காகத்தான் பவுடர் போடுகிறார்கள், மூன்று விரல் கையுறை மாட்டுகிறார்கள். பின்கையிலோ கோல் நழுவாமல் இருக்க வேண்டும். பவுடரை இரண்டு கையிலும் அப்பிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாக மிதிக்கிற சங்கதி அது!

லேசாகப் பிடிப்பது ஏன்?

முழங்கை ஊசலாடும்போது கை ஒரு வட்டவில்லில் போய் வருகிறது. கோலோ நேர்கோட்டில் போக வேண்டும். வளைவில் போகிற கையால் நேராகப் போகிற கோலை எப்படித் தள்ளுவது? விரல்கள் கொஞ்சம் திறந்து மூடினால்தான் முடியும். விரல்களை இறுக்கி மூடிவிட்டால் கையின் வளைவு கோலுக்கும் வந்துவிடும், முனை மேலும் கீழுமாக ஆடும். நாம் வெள்ளைப் பந்தின் நடுவைப் பார்த்து அடிப்போம், முனை வேறெங்கோ போய்ப் படும்.

காலையில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போயிருக்கிறீர்களா? அதன் பிடியை யாராவது நசுக்கிப் பிடிக்கிறார்களா? மடக்கிய விரல்களில் அது பாட்டுக்குத் தொங்குகிறது, நடக்க நடக்க ஆடுகிறது, ஆனாலும் விழுவதில்லை. பின்கையில் கோல் அப்படித்தான் தொங்க வேண்டும்.

"இறுக்கிப் பிடிச்சாதானே மாப்ளே பலமா அடிக்க முடியும்?" என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. முதலாமாண்டில் படித்த அப்ளைடு மெக்கானிக்ஸ் இதற்குப் போதும்.

கோலின் எடை 540 கிராம், சாதாரண அடியில் அது 20 சென்டிமீட்டர் தூரத்துக்குள் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தை எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். முடுக்கம் 10 மீ/வி². விசை 5.4 நியூட்டன். அட, இது கோலின் சொந்த எடை அளவுதானே! அதற்காகவா நரம்பு புடைக்கப் பிடிக்கிறோம்? முதல் அடியான பிரேக்கில் மட்டும் கதை வேறு. 30 சென்டிமீட்டருக்குள் விநாடிக்கு 6 மீட்டர் என்று கொண்டால் முடுக்கம் 60, விசை 32 நியூட்டனுக்கு மேல். சாதாரண அடியைப்போல் ஆறு மடங்கு.

இந்த விசையைக் கையிலிருந்து கோலுக்குக் கொண்டுபோவது உராய்வு. உராய்வு விசை என்பது μ பெருக்கல் N என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். கைப்பிடி வழுக்கி μ பாதியாகிவிட்டால், அதே விசைக்கு விரல்களின் அழுத்தம் N இரண்டு மடங்காக வேண்டும். கை இறுகுவதன் ரகசியம் இதுதான். கோல் நழுவுமோ என்று உள்ளங்கை பயப்படுகிறது, நம்மைக் கேட்காமலேயே விரல்களை இறுக்குகிறது. பயம் இல்லாத கை தானாகவே தளரும். அந்தப் பயத்தைப் போக்குவதற்குத்தான் கைப்பிடிக்குக் காசு கொடுக்கிறோம்.

இன்னொன்று. முனையும் பந்தும் தொட்டுக்கொண்டு இருக்கிற நேரம் விநாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். கோலுக்கு வேண்டிய வேகத்தைக் கை அதற்கு முன்பே கொடுத்து முடித்துவிடுகிறது. அந்த இம்மி நேரத்தில் 'கபக்'கென்று இறுக்குவதால் பந்துக்குக் கூடுதல் பலம் ஏதும் போய்ச் சேராது. முனை திசைமாறுவதுதான் மிச்சம்.

நாலு வகையும் நம் ஊர் வியர்வையும்

முதலில் ரப்பர். கிரிக்கெட் மட்டைக்கு மாட்டுவதுபோல் மேலே உறையாக மாட்டுகிற ரப்பரைத்தான் சொல்கிறேன். வழுக்காது, உண்மை. ஆனால் விரலோடு ஒட்டிக்கொள்ளும். திறந்து மூட வேண்டிய விரலுக்கு ஒட்டல் ஆகாது. கைப்பிடியும் பருமனாகிவிடும், சின்னக் கைக்காரர்கள் திண்டாடுவார்கள். எடைக் கணக்கும் மாறும். 540 கிராம் கோலின் சமநிலைப் புள்ளி அடியிலிருந்து 18½ அங்குலத்தில் இருக்கிறது, 50 கிராம் ரப்பரை 10 அங்குலத்தை மையமாக வைத்து மாட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சென்டர் ஆஃப் கிராவிட்டி கணக்குப் போட்டுப் பாருங்கள். புள்ளி முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்னால் நகரும். முன்பக்கம் லேசாகிவிட்டதை முன்கை உடனே சொல்லிவிடும்.

அடுத்து நூல். பெயர் பெற்றது ஐரிஷ் லினன். ஆளிச் செடியின் நாரில் திரித்த நூல் இது. நைலான் வருவதற்கு முன் மேல்நாடுகளில் தூண்டில் நூலாகவும் லினன் பயன்பட்டது. ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சும், சீக்கிரம் உலரவும் செய்யும். வியர்க்கிற கைக்கு நல்ல நண்பன். குறை என்னவென்றால், அழுக்கையும் அதே ஆர்வத்தோடு உறிஞ்சும். நாள்பட்டால் பிசிறு கிளம்பும். மலிவான கோல்களில் லினன் மாதிரியே தோற்றமளிக்கும் நைலான் நூலைச் சுற்றியிருப்பார்கள். பார்வைக்கு அண்ணன் தம்பிதான், ஆனால் நைலான் லினன் அளவுக்கு ஈரத்தை உறிஞ்சாது. கடையில் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது தோல். தொட்டால் இதமாக இருக்கும், லேசாகப் பற்றிக்கொள்ளும். ஒருவர் மட்டும் வைத்துப் பராமரிக்கிற கோலுக்கு அருமையான கைப்பிடி. ஆனால் முதலைத்தோல், பல்லித்தோல் என்று கண்ணைப் பறிக்கிறதே, அதில் பெரும்பாலானவை சாதாரணத் தோலில் அச்சு வைத்து அழுத்தியவை. அந்த அச்சுக்குக் கொடுக்கிற பணம் கைக்குப் போகாது, கண்ணுக்குத்தான் போகும். பலர் கைமாறும் பொது அறையில் தோலில் வியர்வை ஊறி, கறுத்து, ஓரம் கிளம்பிவிடும்.

கடைசியாக வெறும் மரம். சுற்று எதுவும் கிடையாது, துடைத்தால் சுத்தம், கழன்று போக எதுவும் இல்லை. குறை மரத்தில் இல்லை. அதன்மேல் கண்ணாடிபோல் பூசுகிற பளபள வார்னிஷில் இருக்கிறது. வியர்வை பட்டால் அது முதலில் பிசுபிசுக்கும், இன்னும் ஈரமானால் வழுக்கும்.

நம் அப்பா, தாத்தா பிடித்த மண்வெட்டியின் காம்பைப் பாருங்கள். யாராவது அதற்கு வார்னிஷ் அடித்து வைத்திருக்கிறார்களா? உள்ளங்கை பட்டுப் பட்டே அது வழவழப்பானது. வெட்ட ஆரம்பிக்கும் முன் உள்ளங்கையில் லேசாகத் துப்பித் தேய்த்துக்கொள்வார்கள். காய்ந்த தோலைவிடக் கொஞ்சம் ஈரப்பதமுள்ள தோல் நன்றாகப் பற்றும், சொட்டச் சொட்ட நனைந்தால் வழுக்கும் என்ற டிரைபாலஜி பாடத்தை அவர்கள் எந்தப் பாலிடெக்னிக்கிலும் படிக்கவில்லை!

சாம்பியன் வாதம்

மூன்றாம் கட்சியின் வாதம் பலமானதுபோல் தோன்றும். பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் கோல்களில் வழக்கமாகச் சுற்றே கிடையாது. 1958-லும் 1964-லும் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்ற வில்சன் ஜோன்ஸ் முதல் இன்றைய பங்கஜ் அத்வானி வரை நம் நாட்டுப் பெரிய ஆட்டக்காரர்கள் புகழ்பெற்றது இந்த ஆட்டங்களில்தான். ஸ்னூக்கரே 1875-ஆம் ஆண்டு ஜபல்பூரில் பிறந்த ஆட்டம். அதன் விதிகளை 1882-இல் எழுதி மாட்டிவைத்தது நம் ஊட்டி கிளப்பில். ஆகவே, வெறுங்கட்டைதான் நம் மண்ணின் மரபு என்று மார்தட்டலாம்தான்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. ஸ்னூக்கரில் முதல் அடி என்பது சிவப்புக் கூட்டத்தின் ஓரத்தை மெல்ல உரசிவிட்டு வெள்ளைப் பந்தைத் திரும்ப அழைத்து வருவது. பூலில் முதல் அடி என்பது தேங்காய் உடைப்பது! மேலே போட்ட கணக்கில் ஆறு மடங்கு விசை வந்ததே, அது இங்கேதான். அதனால்தான் பூல் கோலில் சுற்று என்ற வழக்கத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. இன்னொன்று, பெரிய போட்டிகள் நடப்பது குளுகுளு அரங்கத்தில். நம் அறையில் மின்விசிறி சுற்றுவதே கரண்ட்டின் தயவில். அவர்கள் கோலைப் பார்த்து வாங்கினால், அவர்கள் ஏ.சி.யையும் சேர்த்தல்லவா வாங்க வேண்டும்?

அதற்காகச் சுற்று இல்லாத கோல் பூலுக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. இப்போது பூலிலும் சுற்றில்லாத கோல்கள் நிறையவே வருகின்றன, நல்ல ஆட்டக்காரர்கள் ஆடவும் செய்கிறார்கள். யார் ஆடுகிறார் என்பதைவிட உங்கள் கை எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

உங்கள் கை எந்த ரகம்?

வரைபடத் தாளில் கோடு போடும்போதே தெரிந்துவிடும். சிலர் கை பட்ட இடம் பளிச்சென்று இருக்கும், சிலர் கை பட்ட இடத்தில் தாள் நைந்து போயிருக்கும். காய்ந்த கைக்காரர்களுக்கு வெறும் மரமும் போதும், தோலும் பிடிக்கும். கொஞ்சமாக வியர்ப்பவர்களுக்கு மங்கலான பூச்சுள்ள மரமோ லினனோ சரிப்படும். தண்ணீராக ஊற்றுகிற கைக்காரர்கள் யோசிக்காமல் லினனுக்குப் போகலாம்.

சந்தேகமாக இருந்தால் ஆய்வுக்கூட முறைப்படி சோதித்துப் பாருங்கள். மேஜையின் ஒரு முனையில் வெள்ளைப் பந்தை வைத்து, எதிர்ச் சுவரில் நேராகப் பட்டு அதே கோட்டில் உங்கள் கோல் முனைக்கே திரும்பி வரும்படி 10 முறை அடியுங்கள். பிறகு அரைமணி நேரம் ஆடிவிட்டு, கை வியர்த்த நிலையில் மறுபடி 10 முறை. பந்து கோட்டை விட்டு விலகி வர ஆரம்பித்தால் உடனே உங்கள் பின்கையைக் குனிந்து பாருங்கள். நக நுனி வெளுத்திருந்தால் கை இறுகிவிட்டது என்று அர்த்தம். வேறு கைப்பிடியுள்ள கோலை இரவல் வாங்கி இதையே திரும்பச் செய்யுங்கள். முனை, எடை இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது நமக்குத் தெரியாதா என்ன?

'ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று சிலர் கேலி பேசலாம். பழமொழி சரிதான். ஆனால் கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால்? ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சொல்வதுதானே நம்முடைய படிப்பு!

என் ஓட்டு யாருக்கு?

சங்கம் 6 கோல் வாங்குவதாக இருந்தால், 4 கோல் சுற்றில்லாத வெறும் மரமாக இருக்கட்டும், மங்கலான பூச்சுடன். பளபளப்பாகத்தான் கிடைக்கிறது என்றால் கவலை வேண்டாம், நயமான வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்துப் பளபளப்பைக் கொல்ல நம்மிடம் ஆள் இல்லையா? மீதி 2 கோல் லினன் சுற்றியது, கை வியர்க்கிறவர்களுக்காக. அதில் ஒன்று எடை குறைந்ததாகவும் அடிப்பகுதி மெல்லியதாகவும் இருக்கட்டும். சின்னக் கைக்காரர்களும் நம் தோழியரும் "இந்த உலக்கையை யார் தூக்குவது?" என்று ஒதுங்கிப் போகாமல் ஆட வரட்டும். அறைச் சுவரில் ஓர் ஆணி அடித்து இரண்டு பருத்தித் துண்டுகள். ஆடி முடித்தவர் கைப்பிடியைத் துடைத்துவிட்டுத்தான் கோலை வைக்க வேண்டும் என்று ஒரு விதி. தோலும் வேண்டாம், ரப்பரும் வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல முனையும் சாக் கட்டியும் வாங்கலாம். மேஜையும் எங்களுக்கு நன்றி சொல்லும்!

சொந்தக் கோல் வாங்குகிற நண்பர்களுக்குத் தடை ஏதும் இல்லை. தோல்தான் கைக்குப் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் கடையில் கண்ணை மூடிக்கொண்டு கோலைப் பிடித்துப் பாருங்கள். கண்ணைத் திறந்துகொண்டு வாங்கினால் கலர் வாங்குவீர்கள். கண்ணை மூடினால் கைப்பிடி வாங்குவீர்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. இன்னும் சில மாதங்களில் நாம் ஆளுக்கொரு தொழிற்சாலைக்குப் போய்விடுவோம். அங்கே சுத்தியலுக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் வால்வுக்கும் கைப்பிடி வரைகிற வேலை நம்மில் யாருக்காவது வரும். அதை நாள் முழுக்கப் பிடிக்கப் போகிறவர் வேறு ஒருவர். அவர் கை சின்னதா பெரியதா, காய்ந்ததா வியர்க்கிறதா, எட்டு மணி நேரம் பிடித்தால் மரத்துப் போகுமா என்று கேட்டுவிட்டுக் கோடு போடுங்கள். பூல் மேஜையில் கை இறுகினால் போவது ஒரு ஆட்டம். அங்கே இறுகினால் போவது ஒருவருடைய மணிக்கட்டு.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் ஆட்டம்!